பால் காத்திருக்காது

தொக்ஜான்: ...அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. அல்மாட்டியிலேர்ந்து விடியக்காலம் கிளம்பி, எல்லை தாண்டி உங்க நாட்டுக்கு வந்திருக்கேன். எங்க கடைங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு சீஸ் வாங்கப் போறோம். இந்த கோச்கோர் ஊர்ல எத்தனையோ பேர் சீஸ் கம்பெனி ஆரம்பிச்சாங்க, மூடிட்டாங்க. நீங்க மட்டும் எப்படி நிக்கிறீங்க?

சபர்பெக்: உப்புதாம்மா.

தொக்ஜான்: உப்பா?

ஜைனகுல்: அவன் சொல்றதைக் கேக்காத தங்கச்சி. வர்றவங்களுக்கெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லுவான். போன மாசம் வந்தவர்கிட்ட தண்ணின்னான்.

சபர்பெக்: தண்ணியும்தான்.

ஜைனகுல்: டீயைக் குடி முதல்ல, ஆறிடும். இந்தத் துண்டை வாயில போட்டுப் பாரு... எப்படி?

தொக்ஜான்: ம்ம்... சீஸ் நல்லாருக்கும்னு தெரிஞ்சுதான் வந்தேன் அக்கா. என் பயம் அது மேல இல்ல.

சபர்பெக்: பின்ன எது மேல?

தொக்ஜான்: உங்க மேல. கோவிச்சுக்காதீங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனிங்களை நம்பினோம். சரக்கு தங்கம்! ஒண்ணுல அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணுல புருஷன் பொண்டாட்டி. ஆளுக்கொரு பக்கம் இழுத்து, மிஷினைக்கூடப் பாதி பாதியா கழட்டிட்டுப் போனாங்க. எங்க அலமாரி காலி. திட்டு எனக்கு.

சபர்பெக்: ஓ...

ஜைனகுல்: ...சக்கரை போட்டுக்கோ.

தொக்ஜான்: அதான், உங்க ரெண்டு பேரையும் சேர்ந்தாப்ல பாக்கணும்னு வந்தேன். எப்படி, சொந்தத்துலயா கட்டிக்கிட்டீங்க, இல்ல...

சபர்பெக்: ஒரே வகுப்பும்மா. எனக்கு முன் பெஞ்சு. அப்பவே திரும்பித் திரும்பித் திட்டுவா.

ஜைனகுல்: அப்பவே எட்டி எட்டிப் பாத்துக் காப்பி அடிப்பான்.

தொக்ஜான்: நல்ல ஜோடி போங்க! சரி, இதை இழுத்து மூடிடலாம்னு எப்பவாவது தோணிருக்கா? அதைச் சொல்லுங்க.

சபர்பெக்: எல்லையை மூடின வருஷம்.

ஜைனகுல்: அது எதுக்கு இப்ப?

சபர்பெக்: பொண்ணு கேக்குதுல்ல. உங்க ஊர்ப் பக்கம் ஒரு லாரி போகலம்மா. நல்ல கோடை. மேய்ச்சல் மலையில பால் வழியுது. இங்க பால் வாங்கிட்டிருந்த கம்பெனிக்காரங்க எல்லாம் 'வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போ'ன்னுட்டாங்க. சனங்க கேன் கேனா வாய்க்கால்ல கொட்டினாங்க. வெள்ளையா ஓடுச்சு வாய்க்கால். நானும் வேண்டாம்னுதான் சொன்னேன்.

தொக்ஜான்: நீங்களா?

சபர்பெக்: பின்ன? விக்காத சீஸை அடுக்கி வச்சு அழகா பாக்கறது? இவ ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டு நின்னா. மறுநாள் ஊரைக் கூட்டி, 'எல்லாத்தையும் கொண்டாங்க, நான் எடுத்துக்கறேன்'னுட்டா!

ஜைனகுல்: மாடு என்ன நம்மளைக் கேட்டுக்கிட்டா கறக்குது? எல்லை திறக்கிற வரைக்கும் மடியைக் கட்டி வைக்குமா?

சபர்பெக்: பாத்தியாம்மா, அன்னிக்கும் இதே பதில்தான்.

தொக்ஜான்: அவ்வளவு பாலை வாங்கி என்ன பண்ணீங்க?

ஜைனகுல்: சீக்கிரம் கெடுற சாமானையெல்லாம் நிறுத்தினோம். வெண்ணெய் கிடையாது, தயிர் கிடையாது. சக்கரம் மாதிரி இந்தப் பெரிய சீஸ் மட்டும். வைக்க வைக்கத்தான் இதுக்கு ருசி. மிச்சத்தை வடிச்சு, உப்புப் போட்டு உருட்டி, வெயில்ல காய வச்சோம்.

சபர்பெக்: கூரை மேல, வேலி மேல, என் கார் மேல.

தொக்ஜான்: பால்காரங்களுக்குக் காசு?

ஜைனகுல்: கொடுத்தோம்.

தொக்ஜான்: எங்கேர்ந்து? பேங்க்லயா?

ஜைனகுல்: பேங்க் எங்க கொடுத்தான்... வித்தேன்.

தொக்ஜான்: எதை?

சபர்பெக்: வீட்டை.

தொக்ஜான்: ...குடியிருந்த வீட்டையா?

சபர்பெக்: எங்கப்பா கட்டினது. மருமக மேல பாசம், இவ பேர்ல எழுதி வச்சிருந்தார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சந்தையில எவனோ என் கையைக் குலுக்கி, 'புது வீட்டுக்குக் குடி வர்றேன், விருந்துக்கு வாங்க'ங்கறான். எந்த வீடுன்னு கேட்டா, எங்க வீட்டைச் சொல்றான்!

ஜைனகுல்: முன்னாடியே சொல்லிருந்தா விட்டிருப்பியா?

சபர்பெக்: விட்டிருக்க மாட்டேன்.

ஜைனகுல்: அதான் சொல்லல. ...தப்புதான்.

சபர்பெக்: இப்ப வருது வாய்ல.

தொக்ஜான்: அப்புறம் என்ன ஆச்சு?

ஜைனகுல்: எல்லை திறந்துச்சு. எவன்கிட்டயும் முத்தின சீஸ் இல்ல, எங்ககிட்ட இருந்துச்சு. ஆனா அதுல பிழைக்கல நாங்க. அடுத்த கோடையில தலைநகர்லேர்ந்து ஒரு பெரிய கம்பெனி வந்துச்சு. பாலுக்குக் கூட விலை தர்றேன்னு வீடு வீடா ஏறி இறங்கினாங்க.

சபர்பெக்: ஒருத்தர்கூட போகல.

ஜைனகுல்: டேய்.

சபர்பெக்: சரி, நாலு வீட்டுக்காரங்க போனாங்க. பனி விழறதுக்குள்ள திரும்பிட்டாங்க.

தொக்ஜான்: அப்ப எல்லாம் இந்த ஊர்க்காரங்க விசுவாசம்தான்.

ஜைனகுல்: விசுவாசமா? அவங்க என்ன நாயா... வழிஞ்ச நாள்ல வேண்டாம்னு சொல்லாதவங்களுக்கு, வத்தின நாள்ல ஊத்தறாங்க. அவ்வளவுதான் விஷயம்.

தொக்ஜான்: அண்ணே, வீடு போன கோபத்துல நீங்க கம்பெனியை விட்டுட்டுப் போகலியே?

சபர்பெக்: போனேனே! பையைத் தூக்கிட்டு பஸ் நிக்கிற இடம் வரைக்கும் போனேன். விடிஞ்சா பால் வந்துடுமே... கொதிகலன் அப்ப ஓட்டைக் கொதிகலன், என் கைக்குத்தான் அடங்கும். கோபம் இவ மேல. பால் என்ன பண்ணுச்சு பாவம்?

ஜைனகுல்: திரும்பி வந்து, ஒரு வருஷம் என்கிட்ட வாய் திறக்கல. சுவத்துல சாக்பீஸால எழுதுவான், 'நேத்து சீஸ்ல உப்பு கம்மி'ன்னு.

சபர்பெக்: கம்மியாத்தான் இருந்துச்சு.

தொக்ஜான்: போதும் அக்கா, எனக்கு மனசு நிறைஞ்சுடுச்சு. இந்தாங்க, ஒப்பந்தம். ஒரே ஒரு நிபந்தனை, எங்க வக்கீல் சேர்த்தது. கம்பெனி நடத்துற புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சா, அன்னிக்கே இது ரத்து. உங்க விஷயத்துல சும்மா பேருக்குத்தான். இங்க, ரெண்டு பேரும் போடுங்க.

சபர்பெக்: ...இந்தப் பேனா எழுதுமா?

ஜைனகுல்: சபர்.

சபர்பெக்: கையெழுத்துதானே... போட்டுட்டா முடிஞ்சுது. டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?

ஜைனகுல்: சொல்லாம ஒரு தடவை செஞ்சதே போதும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

தொக்ஜான்: என்ன அக்கா? எதைச் சொல்லணும்?

சபர்பெக்: அந்த வரியை அடிச்சுடும்மா. வீட்டை வித்த அந்த மாசமே எங்க விவாகரத்தும் ஆயிடுச்சு. பதிமூணு வருஷமா இவ வாடகை வீட்ல, நான் என் தங்கச்சி வீட்ல. அந்தச் சண்டை இன்னும் தீரல. ஆனா இன்னிவரைக்கும் ஒரு கேன் பால் இந்த வாசல்லேர்ந்து திரும்பிப் போனதில்ல.