கொசு எண்ணெய்க் காண்டிராக்டு

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, ஐயா. ஜப்பான்காரன் காலத்தில் இதே அறையில் எங்களை நிற்க வைத்துத்தான் பேசுவார்கள். முதலில் கிழக்கே திரும்பி அவர்களுடைய சக்கரவர்த்திக்கு ஒரு கும்பிடு. அதற்குப் பிறகுதான் சாக்கடை, குப்பை வண்டி, மாட்டுக்கொட்டகை லைசென்சு எல்லாம். குனிந்து குனிந்து என் இடுப்பு அப்போதே போய்விட்டது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து, டவுன் போர்டு மறுபடியும் டெண்டர் கூப்பிடுகிறது என்றதும் முதல் ஆளாக மனு போட்டவன் நான்தான். கொசு எண்ணெய்க் காண்டிராக்டு எனக்கு வேண்டும். அந்த ஆசையை நான் மறைக்கவில்லை. கோயில் பண்டாரம் என்மேல் புகார் சொல்லியிருப்பதாகவும், அதற்கு நான் விளக்கம் கொடுத்த பிறகுதான் டெண்டரைப் பிரிப்பீர்கள் என்றும் சொன்னீர்கள். நியாயந்தான். முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகச் சொல்லிவைத்தால் நாளைக்கு பில் பாஸாகும்போது இடைஞ்சல் வரும்.

என் பெயர் இராஜமாணிக்கம். சண்டைக்கு முன்னால் கல்லுப்பாலத் தோட்டத்தில் எண்ணெய் மண்டோராக, அதாவது எண்ணெய் அடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். ஐயா கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்திருக்கிறீர்கள், ரப்பர்க் காட்டு வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் தோட்டம் மேடும் பள்ளமுமான நிலம். பள்ளத்துக்குப் பள்ளம் ஓடை. தண்ணீர் தேங்கின இடத்தில் கொசு முட்டையிடும், புழு வரும், பிறகு கூலிகளின் வரிசை வீடுகளில், லயத்து ஜனங்களுக்குக் குளிர்காய்ச்சல் வரும். அதனால் வாரம் தவறாமல் தகரப் பீப்பாயை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடை நெடுகிலும் எண்ணெய் பீய்ச்சுவோம். எண்ணெய் மேலே படர்ந்தால் புழுவுக்கு மூச்சு முட்டிவிடும். துரை பின்னாலேயே வந்து தண்ணீரைப் பார்ப்பார். நீலமும் சிவப்புமாக மினுங்கினால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வேலை நடந்ததா இல்லையா என்பதற்கு அந்த மினுக்கம் ஒன்றுதான் சாட்சி.

ஜப்பான்காரன் வந்தான். துரை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார். ரப்பரைக் கேட்க நாதியில்லை, ஆனால் காய்ச்சலுக்கு ஜப்பான்காரனும் பயந்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அவர்களுடைய பட்டாளம் இறங்கியிருந்தது. அதனால் டவுனுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே காண்டிராக்டாகப் போர்டு விட்டது. எண்ணெயைப் போர்டு கொடுக்கும், அடிப்பது என் பொறுப்பு. புகார் வராதவரை காண்டிராக்டைப் புதுப்பித்துக்கொண்டே போவார்கள். புகார் வந்தால் காண்டிராக்டோடு தலையும் போகும் என்று மொழிபெயர்த்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

பட்டாளத்தைச் சுற்றி நான் ஒழுங்காகவே அடித்தேன், ஐயா. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அங்கே ஒரு சிப்பாய்க்கும் காய்ச்சல் வரவில்லை.

தோட்டத்து நிலைமை வேறு. கடையில் மண்ணெண்ணெய் என்ற பேச்சே இல்லை. ஆறு மணியானால் லயமே கண்ணைக் கட்டினதுபோல ஆகிவிடும். தாயம்மா என்ற பெண் இருட்டிலேயே பிள்ளை பெற்றாள். தொப்புள்கொடி எது, துணி எது என்று தெரியாமல் மருத்துவச்சி தடவிக்கொண்டிருந்தாளாம். அடுத்த நாள் அவள் புருஷன் என்னிடம் வந்து நின்றான். மனுஷன் என்றால் மனசு இளகாதா? ஒரு போத்தல் கொசு எண்ணெய் கொடுத்தேன். நாற்றமும் புகையும் உண்டு, ஆனாலும் எரியும். அவன் ஒரு கோழியைக் கட்டிப் போட்டுவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை, அவனாகக் கொடுத்தது. கோழியைப் பார்த்தவர்கள் மறுநாள் ஆளுக்கு ஒரு போத்தலோடு வந்தார்கள்.

லயத்துக்கு வெளிச்சம் கொடுத்தால் ஓடைக்கு எண்ணெய் குறையும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் ஒரு வழி இருந்தது. பழைய சாக்கை எண்ணெயில் ஊறவைத்து, தோட்டத்து வாசல் ஓடைமேல் இருக்கிற கல்லுப்பாலத்துக்குக் கொஞ்சம் மேலே கல்லிடுக்கில் சொருகிவிட்டால், காலை முழுவதும் பாலத்தடித் தண்ணீர் மினுங்கிக்கொண்டே இருக்கும். மேற்பார்வைக்கு வரும் ஜப்பான் அதிகாரி பாலத்தைத் தாண்ட மாட்டார். அந்தப் பக்கம் அட்டைக்கடி அதிகம். பாலத்தின்மேல் நின்று எட்டிப் பார்த்து, “பகுஸ், பகுஸ்” என்று மலாயில் மெச்சிவிட்டுப் போவார். நான் ஏமாற்றவில்லை. அவர் பார்க்க விரும்பின அளவுக்குக் காட்டினேன்.

பிறகு மேட்டு லயத்தில் காய்ச்சல் வந்தது. அங்கேதான் ஓடை பின்கட்டை ஒட்டிப் போகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை இல்லை. ஜனங்கள் வேறு எங்கே போவார்கள்? மாரியம்மன் கோயிலுக்குத்தான் ஓடினார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல்காரர் பேரில் அம்மன் முன்னால் ஒரு விளக்கு ஏற்றுவார்கள். காய்ச்சல் இறங்குகிறவரை அது அணையக் கூடாது, அணைந்தால் உயிருக்கு ஆபத்து. நல்ல காலத்தில் நல்லெண்ணெய் ஊற்றுவார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எண்ணெய் என்று இருந்தது என்னிடம் மட்டுந்தான்.

ஐயா, நான் யாரையும் வேண்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அவர்களாக வேண்டிக்கொண்டார்கள். இரவு பகலாக எரிகிற விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார்கள், ஆட்டுக்குட்டி கொண்டுவந்தார்கள், சிலர் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோயிலுக்குப் போகிற பொருளுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலத்துச் சாக்குக்குப் போக மிஞ்சினதையும் அம்மனுக்கே அனுப்பினேன். தேவை எங்கே இருக்கிறதோ அங்கேதானே சரக்கு போக வேண்டும்?

விளக்குகள் பெருகப் பெருகக் கர்ப்பக்கிருகத்தில் புகை மண்டியது. ஒருநாள் பண்டாரம் என் கொட்டகைக்கு வந்தார்.

“காண்டிராக்டர், அம்மா மொகமெல்லாம் கரி ஏறிப்போச்சு. தொடச்சாலும் போவ மாட்டேங்குது. கோவமா இருக்காளோன்னு சனங்க பேசுது.”

“அப்ப வெளக்க நிறுத்திரலாமா, பண்டாரம்?”

“எப்படிங்க நிறுத்துறது? அணைஞ்சா உசுரு போயிருமே.”

அம்மன் கோபித்துவிட்டாள் என்ற பேச்சு பரவியதும் வீட்டுக்கு ஒரு விளக்கு என்பது இரண்டானது. காய்ச்சல் வராத வீட்டாரும் முன்கூட்டியே ஏற்றி வைத்தார்கள். வியாபாரம் என்று பார்த்தால் அதைவிட நல்ல காலம் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் நான் அதை வியாபாரமாகப் பார்க்கவில்லை.

அடுத்தது விசுவலிங்கம் ஐயா விஷயம். அவரைப் பற்றியும் கேட்டீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர், போர்டின் சுகாதாரக் குமாஸ்தா, கிராணி என்போம், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர். மழைக்கும் அட்டைக்கும் பயப்படாத மனுஷர். பாலத்தைத் தாண்டி நடந்து போய், கண்ணாடி ஜாடியில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து இந்த மேசைமேல் வைத்தார்.

“இராஜமாணிக்கம், இது மேட்டு லயத்துத் தண்ணி. புழு நெளியுது, பாரும். நீர் எண்ணெய் அடிக்கேல்லை.”

“அடிச்சேங்கய்யா. மழ அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும் லா.”

“மழை பெய்து கனநாள். அங்கை சனம் செத்துக்கொண்டிருக்குது. நாளைக்கு நான் மேலிடத்துக்கு எழுதிப்போடுவன்.”

நான் கோபப்படவில்லை. அவர் வீட்டிலும் இருட்டுத்தானே என்று, ஒரு டின் அனுப்பி வைக்கட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“எனக்கு இருட்டுப் பழகீட்டுது. நீர் அதை ஓடையிலை ஊத்தும்.”

அன்று பிற்பகல் போர்டு கூட்டம், காண்டிராக்டர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிற இடத்துக்கு இங்கிலீஷ் தெரிந்த கிராணி ஒருவர் வேண்டும், யாரை அனுப்பலாம் என்று ஜப்பான் அதிகாரி கேட்டார். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பது அதற்குள் ஊருக்கே தெரியும். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவையில் யாரும் வாய் திறக்காமல் இருந்தால் அதிகாரிக்கு அவமானம். நான்தான் சொன்னேன், விசுவலிங்கத்தைப் போலக் கெட்டிக்காரர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று. அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. மறுநாள் காலையில் அவரை ரயிலேற்றினார்கள். ஜாடி இங்கேயே கிடந்தது. நாற்றம் எடுக்குமே என்று நான் அதைக் கொண்டுபோய் வெளியே கொட்டினேன்.

அவர் மனைவி சரோஜினிதேவி அம்மாள் ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டு இங்கே வந்துகொண்டிருந்தார். ஒருமுறை பார்க்கப் பாவமாக இருந்தது. புருஷன் பேரில் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றுங்கள் என்று சொல்லி ஒரு போத்தல் நீட்டினேன். வாங்கவில்லை. படித்த குடும்பம், கொஞ்சம் கர்வம் இருக்கும்.

என் தங்கை பஞ்சாலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பண்டாரம் அதையும் சொல்லியிருப்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மேட்டு லயத்தில்தான் இருந்தாள். அவள் புருஷன் முன்பே சயாமுக்குப் போய்விட்டான். டவுனில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன், புருஷன் வந்து தேடினால் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று வர மறுத்தாள். அவளுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். மூன்று சாக்கைப் போர்த்தியும் பல்லு கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, எனக்கும் ஒரு வெளக்குப் போடு. உன்கிட்டத்தானே எண்ண இருக்கு.”

போட்டேன், ஐயா. அவள் வீட்டுப் பின்னாலிருக்கிற ஓடைக்கென்று அந்த மாதம் போர்டு கொடுத்த பீப்பாய் உடைக்காமல் இருந்தது. அதையே உடைத்தேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதில் கொஞ்சம் தண்ணீரும் பழைய எண்ணெய்க் கசண்டும் கலக்கும். அவளுக்குக் கலப்பில்லாமல் கொடுத்தேன். ஒரு கிழங்குகூட வாங்கவில்லை. நானே சுமந்துபோய் நானே ஏற்றினேன். திரும்பி வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். கொசு மொய்த்தது. துண்டால் விசிறிக்கொண்டே இருந்தேன்.

“வெளக்கு எரியுதாண்ணே?”

“நல்லா எரியுதும்மா.”

விளக்கு அணையவே இல்லை. அவள்தான் போய்விட்டாள். நெஞ்சு வெடித்துவிட்டது, ஐயா. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இன்றைக்கும் சோற்றில் கை வைத்தால் அந்தக் குரல் கேட்கிறது. சுடுகாட்டில் பண்டாரம் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார், அந்தப் பீப்பாயை ஓடையில் ஊற்றியிருந்தால் என்ன என்று. கூடப் பிறந்தவள் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல எந்த அண்ணனுக்கு மனசு வரும்? அவருக்கு உடன்பிறப்பு கிடையாது, அதனால் புரியவில்லை.

ஆக, பண்டாரம் சொன்னது சரிதான். ஓடைக்கு எண்ணெய் அடிக்கவில்லை. ஓடையில் அடித்திருந்தால் அந்த விளக்குகளுக்கே தேவை வந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும், நான் எண்ணெய் மண்டோர். விசுவலிங்கம் ஐயா பெயரைச் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுத வேண்டும்: ஜப்பான்காரன் இருந்த அத்தனை காலத்திலும் என் வேலையைப் பற்றிப் போர்டுக்கு ஒரு புகாரும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுப்பித்தார்கள்.

இனி டெண்டரைப் பிரித்துப் பார்க்கலாம், ஐயா. மற்றவர்களைவிட நான் குறைத்தே கேட்டிருப்பேன். அவர்களுக்குத் தோட்டத்து நிலைமை தெரியாது, பழைய கணக்கில் எல்லா ஓடைக்கும் சேர்த்து விலை போட்டிருப்பார்கள். மேட்டு லயத்து ஓடைக்கு இனி எண்ணெய் வேண்டியதில்லை. அங்கே கொசு கடிக்க ஆள் இல்லை. அந்தச் செலவைப் போர்டுக்கு மிச்சம் பிடித்துத்தான் என் விலையைப் போட்டிருக்கிறேன்.