ஐந்தாவது கால் இருக்கட்டும்

மலைமேல் வீற்றிருக்கும் சந்திரசூடேஸ்வரரை மனத்தில் நிறுத்தி வணங்குகிறேன். தலைமையாசிரியர் பூபதி ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் அப்பாமார்களே, ராகி அறுப்பைப் பாதியில் விட்டு வந்திருக்கும் அம்மாமார்களே, முன்வரிசையில் சம்மணம் போட்டிருக்கும் செல்லங்களே! பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் இரண்டாம் வகுப்பு ஆசிரியை, அருமை ஜோதிமணி டீச்சர் நம்மை விட்டுப் போய்விட்டார். மாரடைப்பு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடாக இருந்திருந்தால் போயிருப்பாரா? போயிருக்கவே மாட்டார்! "கொஞ்சம் இருங்க, பசை காயட்டும்" என்று எமனையே வாசலில் நிற்க வைத்திருப்பார்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த வகுப்பறையில் சிரிப்புச் சத்தம் கேட்காத வெள்ளிக்கிழமை ஏது?

அந்த வெள்ளிக்கிழமைகளில் என்ன நடந்தது? மண்ணைப் பிசைந்தார்கள். வெண்டைக்காயை நறுக்கி வண்ணத்தில் தொட்டு அச்சுக் குத்தினார்கள். கம்பெனியிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி வீடு கட்டினார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை எல்லாம் ஒரே பசைச் சட்டியில் கை விட்டன. பக்கத்துப் பிள்ளையோடு பேசாத பிள்ளையும் அங்கே பேசியது. "பசை குடுறா" என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்!

இதோ, டீச்சரின் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதே, இந்த யானை. இது இரண்டாவது யானை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஆண்டு விழாவுக்குப் பள்ளி வாசலில் நிறுத்த ஒரு யானை செய்யலாம் என்றார் டீச்சர். பழைய பேப்பரும் பசையும் வீட்டிலிருந்து கொண்டு வரச் சொன்னார். நம் வீடுகளில் கிண்டுவது என்ன? களி. பிள்ளைகள் பாதிப்பேர் ராகிக் களியையே கரைத்துக் கொண்டுவந்து, அதிலேயே யானையை ஒட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தும்பிக்கையைக் காணோம்! ஒரு காதையும் காணோம்! மாரம்மா வீட்டு ஆடு ஜன்னல் வழியாக நுழைந்து, மிச்சக் காதையும் மென்றுகொண்டு நிற்கிறது. பிள்ளைகள் ஓவென்று அழுகிறார்கள். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"அழாதீங்க கண்ணுங்களா. ராகிய ஆனை தின்னுது, ஆனைய ஆடு தின்னுடுச்சு. சரியாப் போச்சு. அடுத்த ஆனைக்கு மைதா காய்ச்சுங்க, பூச்சி அரிக்காம வேப்பிலை போட்டு!"

அப்படி எழுந்ததுதான் இந்த யானை. வாயில் ராகிக் கதிர் வைக்க வேண்டும் என்றது, காட்டு யானை ராகிக் கொல்லையில் மேய்ந்ததைப் பார்த்த தோட்டத்துப் பிள்ளைகள் கட்சி. நெற்றியில் பட்டை போட வேண்டும் என்றது கோயில் யானையை மட்டுமே பார்த்த பிள்ளைகள் கட்சி. இரண்டையும் வைத்தார்கள். ஆனாலும் யானை ஒரு பக்கம் சாய்ந்தது. மாதேஷ் குட்டி கொஞ்சம் யோசித்தான். ஓர் அட்டைக் குழாயை எடுத்தான். வயிற்றுக்கு நடுவே ஐந்தாவதாக ஒரு காலை ஒட்டினான். யானை நின்றுவிட்டது!

அன்று நானும் அந்த வகுப்பில் இருந்தேன். கணக்கு எழுதிப் பழகிய கை என்னுடையது. ஒன்று கூடினாலும் உறுத்தும். பிடுங்கிவிடலாம் என்று கை நீண்டேவிட்டது.

"அக்கா! கையப் பின்னால கட்டுங்க" என்றார் டீச்சர்.

அவருடைய கைகள் அப்போதும் பின்னால்தான் இருந்தன. யாரேனும் பார்த்திருக்கிறீர்களா, அவர் ஒரு பிள்ளையின் படத்தில் ஒரு கோடு போட்டதை? ஒரு காதை நிமிர்த்தியதை? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முந்தானை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். "எனக்கும் கை அரிக்குதுக்கா, அதான் கட்டி வச்சிருக்கேன்" என்பார்.

அன்று மகள் பிரியாவைக் கூட்டிப்போக வந்த நம் மோகன்குமார் தம்பி, கம்பெனியில் தரம் பார்ப்பவர் அல்லவா, யானையைச் சுற்றி வந்தார். "டீச்சர், அஞ்சு காலு. எங்க லைன்ல இது ரிஜெக்ட்."

"எங்க லைன்ல ரிஜெக்ட் டேபிளே இல்லீங்க சார்."

இந்த யானைக்கு இன்னும் ஒரு காது ஒட்டவில்லை. வண்ணம் அடிக்கவில்லை. ஆண்டு விழாவோ நெருங்கிவிட்டது. இன்று காலை பள்ளி வாசலில் மோகன்குமார் தம்பி கண் கலங்கச் சொன்னார்: "அக்கா, ஓசூர்ல நல்ல பெயிண்டர் இருக்காரு. அந்த எச்சுக் கால, அஞ்சாவது கால எடுத்துட்டு, டீச்சர் பேருல ஜம்முனு முடிச்சிடலாம்." பலரும் ஆமாம் என்றார்கள். டீச்சர் மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவர் விரலைப் பிடித்து நின்ற பிரியா கேட்டாள்: "ஏம்ப்பா, அந்தப் பெயிண்டரு ரெண்டாங் கிளாஸா?"

தம்பி மகளைத் தூக்கிக்கொண்டார். "அக்கா, நீங்களே மைக்குல சொல்லிடுங்க" என்றார்.

சொல்லிவிடுகிறேன். பெயிண்டர் வேண்டாம். ஐந்தாவது கால் இருக்கட்டும். புது டீச்சர் எப்போது வருவாரோ தெரியாது. அதுவரை அந்தக் கடைசிப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தள்ளிவிடவும் வேண்டாம் என்று தலைமையாசிரியர் ஐயாவைக் கேட்டேன். சம்மதித்துவிட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நம்மில் இருவர் அந்த வகுப்பில் இருப்போம். பசை காய்ச்சுவோம், தரை கூட்டுவோம், கை கழுவத் தண்ணீர் ஊற்றுவோம். பிள்ளைகளின் வேலையில் மட்டும் கை வைக்க மாட்டோம். இது ஜோதிமணி டீச்சர் பெயரில் நாம் எடுக்கும் உறுதி. அந்த ஆண்டவன் நமக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும், ஏனென்றால் கை அரிக்கும்!

இப்போது எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். கை கூப்ப வேண்டாம். டீச்சர் நின்ற மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். தம்பி, நீங்களும்தான்.

செல்லங்களே, நீங்கள் கட்ட வேண்டாம். காலையில் விளக்கேற்றிவிட்டு நான் காய்ச்சிய பசை இந்தத் தூக்குவாளியில் இருக்கிறது. வேப்பிலையும் போட்டிருக்கிறேன்.

மேடைக்கு வாருங்கள். காதை ஒட்டுங்கள்.