ஜெயிச்சா ஏறுற நம்பர்

இல்லல்ல, உக்காருங்க டீச்சர், என்ன அவசரம். கேப்டன் கீழ போயிருக்காரு, அவரு வந்தாதான் நோட்டுல ஏத்துவாங்க. ஞாயித்துக்கிழம மத்தியானம் நம்மள யாரு வெரட்டப் போறா. அந்த ஸ்டிக்க மட்டும் செவுத்துல சாய்க்காதீங்க, நாளாக நாளாக வளஞ்சிடும். ஆங், அப்படிப் படுக்க வைங்க.

கேட்டீங்களே, அது நியாயமான கேள்விதான். அஞ்சு கேம் நான் ஜெயிச்சேன், ரெண்டே ரெண்டு நீங்க ஜெயிச்சீங்க, ஆனா மேட்ச் உங்களுக்குங்கறாங்க. கணக்கு டீச்சருக்கே குழப்பம்னா எங்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் பாருங்க. அது ஒண்ணும் இல்ல. இந்த பில்லியர்ட்ஸ் கிளப்புல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். ரெண்டுலருந்து ஏழு வரைக்கும். உங்க நம்பர் எவ்வளவோ அத்தன கேம் ஜெயிச்சா போதும், மேட்ச் உங்களது. நீங்க வந்து ஒரு மாசந்தான் ஆகுது, உங்களுக்கு ரெண்டு. நான் ஆறு. அப்ப நான் ஆறு ஜெயிக்கறதுக்குள்ள நீங்க ரெண்டு ஜெயிச்சிட்டா முடிஞ்சுது. வெளியில இதுக்கு ஹேண்டிகேப்புன்னு பேரு. நாங்க நம்பருன்னே சொல்லிடுவோம்.

நல்லதுதாங்க, நான் தப்புன்னே சொல்லல. இது இல்லன்னா புதுசா வர்றவங்க மூணு வாரம் தொடர்ந்து அடி வாங்கிட்டு நாலாவது வாரம் வீட்டுலயே இருந்துடுவாங்க. நானே அப்படித்தான் ஓடிப்போயிருப்பேன். நான் வந்தப்ப எனக்கும் ரெண்டுதான். பந்து எது, பாக்கெட் எது, ஒண்ணும் தெரியாது.

கேளுங்க, நம்பர் எப்படி ஏறும்னா, கடைசியா ஆடின பத்து மேட்ச பாப்பாங்க. ஏழு ஜெயிச்சிருந்தா ஒரு நம்பர் ஏத்துவாங்க. ஏழு தோத்திருந்தா ஒண்ணு எறக்குவாங்க. அதான் விஷயமே. நீங்க ராத்திரி பகலா பழகி நல்லா ஆட ஆரம்பிச்சா, உங்களுக்குக் கெடைக்கற பரிசு என்னன்னா, அடுத்த தடவ இன்னும் ஒரு கேம் கூடுதலா ஜெயிக்கணும். அந்த மூலையில கோடு போட்ட சட்ட போட்டவரு இருக்காரு பாருங்க, பேங்க்குல வேல. பதினோரு வருஷமா ரெண்டு. ஏன் சார் கொஞ்சம் பழகக் கூடாதான்னு கேட்டேன். பழகி என்னம்மா பண்ண, இப்பவே பாதி மேட்ச் ஜெயிக்கறேன், பழகினாலும் பாதிதான் ஜெயிப்பேன்னாரு. அவரு நேர்மையா சோம்பேறியா இருக்கறவரு. அவரு மேல எனக்குக் கோவமே கெடையாது.

எனக்குத்தான் அந்தப் பைத்தியம் பிடிச்சிடுச்சு.

என்னைய இங்க கூட்டிட்டு வந்ததே எங்க வீட்டுக்காரருதான். டைல்ஸ் ஒட்டற வேல அவருக்கு. ஞாயித்துக்கிழமயானா ஆளு காணாமப் போயிடுவாரு. எங்கதான் போறாருன்னு ஒருநாள் பின்னாடியே வந்தேன். ஆமா, சந்தேகந்தான், பின்ன? மாடிப்படி ஏறிப் பாத்தா நாலு டேபிளு, பத்துப் பன்னெண்டு ஆம்பளைங்க, சுண்ணாம்புத் தூள் வாசன. என்னப் பாத்துட்டு ஒரு ஸ்டிக்க நீட்டினாரு. அன்னிக்கு அவரு நாலு.

நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் அரைக்கறேங்க. ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி ஓரத்தச் செதுக்கி உக்கார வைக்கணும். லென்ஸுக்கு நடுவுல மைப்புள்ளி வைப்போம், அது அர மில்லிமீட்டர் தள்ளிப் போனா போட்டுக்கறவங்களுக்குத் தல வலிக்கும். அதனாலயோ என்னவோ, இந்த வெள்ளப் பந்து அந்தப் பந்த எந்த எடத்துல தொடணும்கறது எனக்குச் சட்டுன்னு பிடிபட்டுச்சு. கை மட்டும் நடுங்கும். அதுக்காக தெனமும் காலையில எட்டு மணிக்கு இங்க வந்துடுவேன். கட பத்து மணிக்குத்தான். ஒன்னற மணி நேரம் ஒரே அடி. ஒரே எடத்துல பந்த வச்சு அறுபது தடவ, எழுவது தடவ. கழுத்து பிடிச்சுக்கும், மருந்து தடவிக்கிட்டு வேலைக்குப் போவேன். கடையில எல்லாரும் என்ன வாசன என்ன வாசனன்னு மூக்கப் பொத்துவாங்க.

வாரா வாரம் எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு மேட்ச். அதுவும் நோட்டுல ஏறும், கணக்குல சேரும். மொதல்ல அவரு ஜெயிச்சுக்கிட்டிருந்தாரு. ஒரு வருஷம் போச்சு, நான் ஜெயிக்க ஆரம்பிச்சேன். ரெண்டு மூணாச்சு, மூணு நாலாச்சு. அவரு நாலுலருந்து மூணுக்கு எறங்கினாரு. முதுகு வலி, வயசாகுதுல்லன்னாரு. நாள் பூரா குனிஞ்சு டைல்ஸ் ஒட்டறவரு, நம்பாம என்ன பண்றது? நான் ஜெயிச்ச அன்னிக்கெல்லாம் வீட்டுல சமையல் அவருதான். கடையில, தெருவுல, சொந்தக்காரங்க வீட்டுல, எங்க போனாலும் எங்க வீட்டம்மா ஆறு தெரியுமான்னு பெருமையடிப்பாரு. என் நாத்தனார் ஒருதடவ ஆறு என்னடா ஆறு, மாசமான்னு கேட்டு, அது ஒரு பெரிய சிரிப்பா போச்சு.

டீச்சர், உங்களுக்குச் சொல்ல என்ன, எனக்குக் கல்யாணமாகி பதினஞ்சு வருஷத்துல என்னோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான். வேல அப்பா வாங்கிக் குடுத்தது. வீடு மாமனார் வீடு. இந்த ஆறு மட்டுந்தான் நானா குனிஞ்சு, நானா கழுத்து வலிச்சு வாங்கினது.

வர்றேன், வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

போன வருஷம் பெரிய போட்டி ஒண்ணு. பன்னெண்டு கிளப்பு. டீமுக்கு நாலு பேரு, நாலு பேரோட நம்பரையும் கூட்டினா பதினெட்டத் தாண்டக் கூடாது. நான் கண்டிப்பா இருப்பேன்னு நெனச்சு கடையில லீவெல்லாம் சொல்லிட்டேன். கேப்டன் கூப்பிட்டு உக்கார வச்சாரு. அவரு ஆறு, மருந்துக் கடைக்காரரு அஞ்சு, இன்னொருத்தரு நாலு. பதினஞ்சாச்சு. மிச்சம் மூணுதான் இருக்கு, நீ ஆறு, எப்படிம்மா சேக்கறது, உங்க வீட்டுக்காரரத்தான் போட முடியும்னாரு. அப்ப நீங்க ஒதுங்கிக்கிட்டா நான் வரலாமேன்னு கேட்டேன். கேப்டன் எப்படிம்மா ஒதுங்கறதுன்னாரு. அதுவும் சரிதானே. நல்லா ஆடினதால வெளிய உக்காந்தேன். மோசமா ஆடினதால எங்க வீட்டுக்காரரு உள்ள போனாரு.

அப்பக்கூட எனக்கு வருத்தம் இல்ல, நம்புங்க. ஒருத்தராவது நம்ம வீட்டுலருந்து போறாரேன்னு இருந்துச்சு. அவரு சட்டைய நான்தான் தேச்சுக் குடுத்தேன்.

ஃபைனல்ல அவருக்கு எதிரா ஒரு ஆறு. அந்த ஆளு ஆறு கேம் ஜெயிக்கணும், இவரு மூணு ஜெயிச்சா போதும். நான் மொத வரிசையில உக்காந்திருக்கேன். ரெண்டாவது கேம்ல ஒரு பந்து, எதிராளி பந்துக்குப் பின்னாடி மறைஞ்சு கெடக்கு. நேரா அடிக்க வழியே இல்ல. இவரு குனிஞ்சாரு. வெள்ளப் பந்து ஒரு ஓரத்துல பட்டு, எதிர் ஓரத்துல பட்டு, சுத்தி வந்து அந்தப் பந்தத் தொட்டுச்சு. அது போய் பாக்கெட்டுல விழுந்துச்சு. விழுந்தது கூடப் பெரிசில்ல. வெள்ளப் பந்து உருண்டு வந்து அடுத்த பந்துக்கு நேரா நின்னுச்சு பாருங்க, வச்ச மாதிரி. பக்கத்துல இருந்தவங்கல்லாம் அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்னு கத்தறாங்க. அந்த அடிய நான் ரெண்டு வருஷம் பழகியிருக்கேன் டீச்சர். அதிர்ஷ்டத்துல பந்து விழும். அதிர்ஷ்டத்துல வெள்ள அப்படி நிக்காது.

அப்புறம் அடுத்தது. அதுக்கடுத்தது. முதுகு வலின்னு சொன்ன மனுசன் டேபிளச் சுத்திச் சுத்தி வர்றாரு. மூணு கேமும் முடிஞ்சுது, கப்பு எங்களுக்கு. நான் எழுந்திரிக்கவே இல்ல. கேப்டன் கைதட்டிக்கிட்டே என் பக்கத்துல வந்து குனிஞ்சு, சந்தோஷத்துல என்ன பேசறோம்னே தெரியாம சொன்னாரு. என்னம்மா இப்படிப் பாக்கற, மூணுன்னா சும்மாவா, அஞ்சு வருஷமா பாத்துப் பாத்து வளத்த மூணு அதுன்னாரு.

அஞ்சு வருஷம். நான் ஜெயிக்க ஆரம்பிச்சு அஞ்சு வருஷம்.

கேட்டேனே. கேக்காம இருப்பேனா. வீட்டுக்கு வந்து அவரு கொல்லப் பக்கம் நின்னு நகத்துலருந்து சிமெண்ட்ட சொரண்டிக்கிட்டிருந்தாரு. என்கிட்ட தோத்ததுல எத்தன நெஜம்னு கேட்டேன். கேப்டன் நம்பர எறக்கி வச்சுக்கன்னு சொன்னாரு, யார்கிட்டயாவது தோக்கணும், உன்கிட்ட தோத்தா நீயும் சந்தோஷப்படறியேன்னு நெனச்சேன், ஜெயிச்சிட்டு வர்றப்ப உன் மூஞ்சி பாக்க நல்லா இருந்துச்சுன்னாரு. சாதாரணமா சொல்றாரு டீச்சர். பழைய சாதத்த வீணாக்காம சாப்பிட்டேன்னு சொல்ற மாதிரி.

அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

மத்தவங்களயும் ஜெயிச்சேந்தான். அப்படித்தான் நானும் மனசத் தேத்திக்கிட்டேன். அப்புறம் இந்த நோட்ட எடுத்துட்டுப் போயி உக்காந்து பொரட்டினேன். நான் நம்பர் ஏறின ஒவ்வொரு தடவயும் அந்த ஏழு ஜெயிப்புல மூணோ நாலோ அவரு குடுத்தது. அத எடுத்துட்டா நான் ஆறே இல்ல. அஞ்சா, நாலா, எனக்கே தெரியாது. காலையில எட்டு மணிக்கு வந்து குனிஞ்சேனே, அது எங்க போய்ச் சேந்துச்சுன்னு தெரியாது. லென்ஸுன்னா மெஷின்ல வச்சுப் பாத்துடலாம். இத எதுல வச்சுப் பாக்கறது?

ஆமா, அதையும் பண்ணேன். வாங்க, நம்பரெல்லாம் வேணாம், சமமா ஆடுவோம், விட்டுக் குடுக்காம ஆடுங்கன்னு கூப்பிட்டேன். அந்தா, அந்த ரெண்டாவது டேபிள்லதான். ஏழு கேம். நாலு மூணுல நான் ஜெயிச்சேன். ஜெயிச்சிட்டு அவரு மூஞ்சியப் பாத்தேன். நெஜமாத்தான் ஆடினேன்னாரு. உன் தாலி மேல கை வச்சு சத்தியம் பண்றேன்னாரு. இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுசன் இனிமே என்கிட்ட தோத்தாலும் பொய்யி, ஜெயிச்சா, அப்ப இத்தன நாளும் பொய்யி. அன்னிலருந்து அவரோட ஆடறதில்ல. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேசிக்கறோம், பையன் படிப்பு, கரண்டு பில்லு எல்லாம் பேசறோம். டேபிள்ல மட்டும் எதிர் எதிரா நிக்கறதில்ல.

அவரு நம்பரா? இன்னும் மூணுதான். வெளிப்போட்டி கணக்குல வராதாம், இங்க ஆடறது மட்டுந்தானாம்.

ஏன் இன்னும் வர்றேன்னா... விட முடியலயே. போன வருஷம் வெளிய உக்கார வச்சாங்க. இந்த வருஷமாவது ஒரு தடவ அந்தப் பெரிய டேபிள்ல, என்னத் தெரியாத யாரோ ஒருத்தர் எதிர்ல, எனக்கு எதையும் குடுக்கணும்னு அவசியமே இல்லாத ஒருத்தர் எதிர்ல ஆடிப் பாக்கணும். அப்பத்தானே நான் யாருன்னு தெரியும். மருந்துக் கடைக்காரரு கடைய வேற ஊருக்கு மாத்திட்டுப் போயிட்டாரு. அஞ்சு நம்பருக்கு ஒரு எடம் காலியா இருக்கு. நீ மட்டும் அஞ்சா இருந்தா உன்னையே போட்டுடுவேம்மான்னு கேப்டன் சொன்னாரு. அடுத்த வாரம் பேரு குடுக்கணும்.

பத்துல ஏழு தோக்கணும்னு சொன்னேன்ல. இன்னிக்கோட ஏழு.

ஆமா டீச்சர். அந்தக் கறுப்புப் பந்து பாக்கெட் வாயில போய் நின்னுச்சே, நீங்க கூட ஐயோன்னு எனக்காக வருத்தப்பட்டீங்க. அது நான் நிறுத்தினது. சொல்லாம போயிடலாம்னுதான் இருந்தேன். எனக்கு அஞ்சு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது, உங்களுக்கு அர மணி நேரத்துல சொல்லிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டுல மொத கேம் நீங்களா ஜெயிச்சதுதான். நெஜமா. நான் எதுவும் பண்ணல, நீங்க நல்லா அடிச்சீங்க.

எப்படி நம்பறதுன்னு கேக்கறீங்களா?

ஏன் ஃபோன எடுக்கறீங்க? யாருக்கு? சொல்லிட்டீங்களா ஏற்கனவே, பொண்ணுக்கா? அம்மா ஒரு ஆறு நம்பரையே ஜெயிச்சிட்டேன்னா? நான் தண்ணி குடிக்கப் போனப்பவா.

அத நான் யோசிக்கல டீச்சர்.