வெள்ளியங்கிரியின் ஒரு நிமிடம்

— ...ஆகவே, பேரன்பு மிக்க அறிஞர் பெருமக்களே! மனிதன் நெருப்பைக் கண்டான். சக்கரத்தைக் கண்டான். ஆனால், காத்திருக்கும் மூளைக்குள் காலம் எப்படி நடக்கிறது என்பதை இன்றுவரை ஒருவனும் காணவில்லை. அதைத் திருச்செங்கோட்டில், ஒரு கம்ப்யூட்டருக்குள், இந்த ஜெயபிரகாஷ் கண்டுவிட்டான் என்பதை உலகுக்கு அறிவிக்கிறேன்! எப்படி அகல்யா? கை தட்டுவாங்களா?

— தட்டுவாங்க சார். நாளைக்கு மாநாட்டுல, ஃபேர்லேண்ட்ஸ் ஓட்டல்ல மத்தியானச் சாப்பாடு ரெடின்னு சொன்னாலும் தட்டுவாங்க.

— நான் அறிவியலப் பத்திக் கேட்டேன்.

— ரெண்டுக்கும் சேத்தித்தானுங்க. ஏனுங்க சார், ஃபீஸ் ரசீது போடறத உட்டுப்போட்டு நான் வந்து நிக்கறது கை தட்டறதுக்கு இல்லீங்க. என்ற ஊட்டுக்காரரோட முடிவு வந்துருச்சுன்னீங்களே?

— வரேன், வரேன். அறிவியல்பூர்வமா அடியிலிருந்துதான் வரணும்.

— அடியிலிருந்து வாரதுக்கு நேரமில்லீங்க. போர்வெல் ரிக்கு முதலாளி இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பதில் கேட்டிருக்காரு. ஆப்பிரிக்காவுக்கு வண்டியோட போறாரா, இல்ல எப்பவும் போல மழைக்கு ஊட்டுக்கு வாராரான்னு. போனா ரெண்டு வருசமுங்க. “நீ சொல்றதுதான் சாமி”ன்னு அவரு எம்மேல தள்ளி உட்டுட்டாரு.

— நீங்க கம்ப்யூட்டர் மேல தள்ளி விட்டுட்டீங்க.

— பின்ன என்னங்க? அவரக் கேட்டா “நல்லாருக்கேன், சாப்புட்டேன்”, அவ்வளவுதான் வரும். ஆயிரம் அடி துளை போட்டுத் தண்ணி எடுக்கற மனுசன். அவரு வாயில இருந்து ஒரு வார்த்தை எடுக்கறதுக்கு எந்த ரிக்கும் பத்தாதுங்க.

— சரி, கேளுங்க. மூளைக்குள்ள ஒரு துடிப்பு இருக்கு. டிக், டிக், டிக். ஒவ்வொரு துடிப்பும் ஒரு உண்டியல்ல விழுது. அந்த உண்டியலுக்கு ஒரு வாசல். வேலையில முங்கியிருந்தா வாசல் சாத்திக்கும். எதுக்காவது காத்துக்கிட்டிருந்தா அகலத் திறந்துக்கும். இதத்தான் நான் கணக்கா எழுதி, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு மூளையவே...

— உண்டியல் நெம்பிருச்சுன்னா?

— ஒரு நிமிசம் ஆயிருச்சுன்னு தோணும். பட்டன அமுக்கிடுவோம். உங்க ரெண்டு பேருக்கும் போன்ல அனுப்புன செயலியில நீங்க தினமும் அமுக்குனீங்க இல்ல? நிமிசத்துல முக்கால்வாசி முடியறதுக்குள்ளயே அமுக்கியிருக்கீங்க.

— எனக்கு நிமிசம் ஆயிருச்சுன்னுதான் பட்டுச்சுங்க. கெடிகாரந்தான் இன்னும் வராம நின்னுச்சு.

— அதேதான்! ஏக்கம்! என் ஆராய்ச்சியில நீங்க ஒரு சிகரம், அகல்யா. வரைபடத்துல உங்க கோட்டத்தான் நாளைக்குத் திரையில பெருசாப் போடப் போறேன்.

— எம்பேரு வருங்களா?

— வராது. “பங்கேற்பாளர், பெண், காத்திருப்பவர்”னு வரும்.

— தப்பிச்சேன். எங்க மாமியா பாத்தா, சமையல்ல ஒரு சிகரத்தையும் காணோம், இதுல ஏறிட்டியான்னு கேப்பாங்க. அவரு கோடு எப்படிங்க சார்?

— அதுதான் மாநாட்டுக்கே மகுடம். காத்திருப்பவர் ஒரு பக்கம், காக்க வைப்பவர் ஒரு பக்கம். உலகத்துல இதுவரைக்கும்...

— சார்.

— ஒரு நிமிசம் தாண்டி அரை நிமிசம் ஓடுனாலும் அவர் அமுக்கல. சில நாள் அதுக்கும் மேல. மாசம் முழுக்க அப்படியேதான்.

— அப்படின்னா?

— வாசல் சாத்தியிருக்கு. உண்டியல்ல ஒண்ணும் விழல. காலம் போறதே தெரியாம மனுசன் நிறைவா இருக்காரு. அறிவியல்பூர்வமாச் சொன்னா, வெள்ளியங்கிரியோட மூளை யாருக்காகவும் காத்துக்கிட்டு இல்ல... என்ன அகல்யா, ஜன்னலையே பாக்கறீங்க?

— இல்லீங்க. ராய்ப்பூர் மழைய நெனச்சேன்.

— ராய்ப்பூர் மழையா?

— அவரு வண்டி அங்கதானுங்க நிக்குது. நம்மூர்ல மரவள்ளி போட்டவங்க நம்மூர் மழைக்குப் பாப்பாங்க. ரிக்கு ஊட்டுக்காரிங்க எல்லாம் டிவியில அடுத்த ஊரு மழைக்குப் பாப்போம். அங்க காடு சேறானா வண்டி நவுராது. வண்டி நவுரலைன்னா ஆளு ஊட்டுக்கு வந்துரும். நேத்து டிவிக்காரன் அங்க மேகம் கட்டியிருக்குன்னான். அவரு தலகாணிய எடுத்து வெயில்ல போட்டுட்டு வந்தேன்.

— பாத்தீங்களா? சிகரம்னு சும்மாவா சொன்னேன்!

— ஆமாங்க சார். நீங்களும் இங்கயே இருங்க. அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெக்கறேன். அவரு ஏதாச்சும் கேட்டா நீங்கதான் விளக்கோணும். எனக்கு அந்த உண்டியலெல்லாம் வராது... அலோ, சமையக்கார அண்ணனுங்களா? அவருகிட்டக் குடுங்கண்ணா.

— சாமி? சொல்லு.

— சாப்புட்டீங்களா?

— ம்ம். நீ?

— ம்ம். அங்க மழையா?

— தூறல் போடுது. இந்தத் துளை முடிஞ்சா வண்டிய மூடிறலாம். முதலாளி பக்கத்துல வந்து நிக்கறாரு. என்ன சொல்லட்டும் சாமி?

— போயிட்டு வாங்க.

— எங்க?

— ஆப்பிரிக்காவுக்குத்தான்.

— ஓ.

— சந்தோசந்தானுங்களே?

— ம்ம். நல்லாருக்கேன்.

— அப்பச் சொல்லிருங்க அவருகிட்ட.

— சொல்லிர்றேன். ரயிலுக்கு டிக்கெட் போட்டு வெச்சிருந்தேன். அத ரத்து பண்ணிக்கலாம். நீ மழைக்கு வரச் சொல்லுவேன்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

— எனக்காவ ஒண்ணும் நீங்க வர வேண்டாம். உங்களுக்கு அங்க நேரம் போறதே தெரியலியாமா. கம்ப்யூட்டர்லயே வந்துருச்சு.

— எந்தக் கம்ப்யூட்டரு?

— நான் விளக்கறேன். வணக்கம் வெள்ளியங்கிரி, காலேஜ்ல இருந்து ஜெயபிரகாஷ் பேசறேன். உங்க மூளைக்குள்ள ஒரு துடிப்பு இருக்கு...

— வணக்கங்க சார். என்ற மூளைய நீங்க எப்பப் பாத்தீங்க?

— போன்ல செயலி அனுப்புனேன் இல்லீங்களா? கண்ண மூடிக்கிட்டு, ஒரு நிமிசம் ஆச்சுன்னு தோணுனா பட்டன அமுக்கணும்னு?

— ஓ, அதுங்களா? மொத நாளு எடுத்துப் பாத்தேனுங்க. கண்ண மூடி நேரத்த எண்ணச் சொல்லுச்சு. நாலு எண்ணறதுக்குள்ள நம்மூருக் கோட்டு மலை வந்துருச்சு, ஊட்டுச் சந்து வந்துருச்சு, இவ வந்து கதவத் தொறக்கறா. இங்க முதலாளி “லீவரப் புடிடா”ன்னு கத்தறாரு. லீவரப் புடிக்கற கையில கண்ணத் தொடைக்க முடியுமுங்களா? அதோட வெச்சவன்தான், அத நான் தொடவே இல்லீங்க.

— ஏனுங்க! டிக்கெட்ட ஒண்ணும் பண்ணாதீங்க! நான் சொன்னது ஒண்ணும் முதலாளி காதுல போவோண்டாம்! மழைக்கு வாங்க. கேக்குதுங்களா? மழை வராட்டியும் வாங்க!

— கேக்குது சாமி.

— இருங்க, இருங்க. நாளைக்கு ஃபேர்லேண்ட்ஸ்ல அத்தனை பேர் முன்னாடி அந்தக் கோட்டைப் போடறேன். ஒரு மாசக் கணக்கு எங்கிட்ட இருக்கு. அட சாமி, அப்ப அத்தனை நாளும் அமுக்குனது ஆருங்க?

— எங்க சமையக்காரருங்க சார். ஒரு வெங்காயம் அரிஞ்சு முடிச்சா ஒருக்கா அமுக்குவாரு.