சுமையாவின் பெயரில் ஒரு சாவி

எங்கள் அலுவலகத்தில் பதினொரு பேரும் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். கட்டுமாவடியிலிருந்து வரும் சுமையா மீன் குழம்பு கொண்டுவந்தால் எனக்குத்தான் முதலில் ஊற்றுவாள். அவள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இருந்ததில்லை.

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு சின்னச் சின்னத் தனியார் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். நோயாளியின் விவரங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் திரையில் காட்டும் நிரல் பகுதி, பேக்கேஜ் என்போம், என் பொறுப்பு. அதைத் திருத்தவும் வெளியிடவும் ஒன்பது வருடங்களாக எனக்கு மட்டுமே அனுமதி இருந்தது. போன தை மாதம் முதலாளி ரெங்கசாமி கூப்பிட்டார்.

"அருள்மணி, எல்லாம் ஒரே ஆளு கையில இருக்கக் கூடாதுப்பா. டீமுக்குன்னு பொதுவா பர்மிஷன் போட்டு சுமையாவையும் அதுல சேத்துரு."

சேர்த்தேன். அந்த அனுமதிகளை நிர்வகிப்பவன் நான்தான்.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். பேக்கேஜின் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நான் அருகே போனால் திரையை மாற்றினாள். அல்லது மாற்றியதாக எனக்குத் தோன்றியது. ஒரு நாள், "அண்ணே, நீங்க லீவு போட்டா இத யாரு வெளியிடுவா?" என்றாள். நான் லீவே போடாதவன். அந்தக் கேள்வி எதற்கு?

என் மனைவி செங்கமலத்திடம் சொன்னேன். "வேலையக் கத்துக்கிறதுக்குக் கேட்டிருக்கும்ங்க அந்தப் புள்ள," என்றாள். அவளுக்கு அலுவலகம் தெரியாது.

சுமையா என்றைக்காவது ஒரு தவறு செய்யத்தான் போகிறாள். அதற்கு முன்பே முதலாளிக்குக் காட்டிவிடுவது நல்லது என்று நினைத்தேன். குழுவில் யார் பெயரிலும் கடவுச்சாவி உருவாக்க நிர்வாகியால் முடியும்; அதை வைத்து யார் வெளியிட்டாலும் சாவிக்குரியவர் பெயர்தான் பதிவாகும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சுமையாவின் பெயரில் ஒன்று உருவாக்கினேன். நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று எடுத்துக் காட்டும் ஒரே ஒரு வரியை நீக்கிவிட்டு, அந்தச் சாவியால் புதிய பதிப்பை வெளியிட்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில் நானே கண்டுபிடித்துச் சொல்வதாக ஏற்பாடு. வார இறுதியில் பொதுவாக எந்த மருத்துவமனையும் புதிய பதிப்பை ஏற்றுவதில்லை.

கீரமங்கலத்தில் ஒரு மருத்துவமனை சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஏற்றிவிட்டது. என் போனுக்குத் தகவல் வந்தது. அந்தப் பதிப்பைத் திரும்பப் பெறுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் அதில் என் பெயர் பதிவாகும். விடுமுறை நாளில் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். திங்கட்கிழமைவரை பொறுத்திருப்பதே சரி என்று பட்டது. சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்தேன்.

ஞாயிறு காலை இன்னாசியம்மாள் என்பவரை அவர் மகன் பீட்டர் அந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. அவருக்குப் பென்சிலின் ஆகாது என்று இரண்டு வருடங்களுக்கு முன்பே பதிவாகியிருந்தது. திரையில் 'எதுவுமில்லை' என்று வந்தது. ஊசி போட்ட நர்ஸ்மேல் தப்பு இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை, நினைத்திருந்தபடியே கண்டுபிடித்துச் சொன்னேன். சுமையா பதிவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேருதான் இருக்கு. ஆனா நான் செய்யலண்ணே. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அவள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போலீஸ் அவளைக் கைது செய்த மறுநாள் அவள் அப்பா சேக் அலாவுதீன் வந்தார். "தம்பி, ஒங்க மேலதான் அதுக்கு நம்பிக்கை. இன்னொரு தடவை நல்லாப் பாருங்க தம்பி," என்றார். டீ வாங்கிக் கொடுத்து, பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பத்தொன்பது நாள் அவள் சிறையில் இருந்தாள்.

சாவி உருவானது என் கணினியில் என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நான் மறுக்கவில்லை. உருவாக்கியது நான். வரியை நீக்கியது நான். சனிக்கிழமை தெரிந்தும் சும்மா இருந்தது நான். ஆனால் நீங்களும் நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும். சுமையாவுக்கு மட்டும் அந்த அனுமதியைக் கொடுக்காமல் இருந்திருந்தால், அந்த அம்மாள் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.