கேட்டதை மட்டும் தேடுகிறவர்

நிபுணர் சாட்சி தேடுவது வரன் பார்ப்பது மாதிரிதான். படிப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முன்பு எந்தக் கோர்ட்டில் என்ன உளறினார் என்று தோண்ட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. எவருடைய கோட்டு சூட்டையும் பார்த்து மயங்கமாட்டேன்.

வழக்கு டீ அக்காவுடையது. என் பழைய சீனியர் வக்கீலின் ஆபீஸில் டீ போட்டவர். சீனியர் ஒருநாள் டீ குடித்துவிட்டு நாற்காலியிலேயே செத்துப்போனார். டம்ளரில் கரப்பான்பூச்சி மருந்து. டப்பா அக்காவின் அலமாரியில். போலீசுக்கு அது போதும். நான் புதிதாகச் சேர்ந்திருந்த வக்கீலம்மாவை நச்சரித்து இந்த வழக்கை எடுக்கவைத்ததே நான்தான்.

ஜெயிலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்ச பொண்ணு. நல்ல ஆளா நீயே பாரும்மா."

"என்கிட்ட விட்டுடுங்கக்கா."

பிரேதப் பரிசோதனையில் எடுத்து மிச்சமிருந்த சீனியரின் ரத்தத்தை மறுபடி சோதிக்க இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் சிடுமூஞ்சி அம்மா. "என்ன தேடணும்னு நீங்க சொல்லாதீங்க. எல்லா விஷத்துக்கும் பார்ப்பேன். கிடைக்கறத எழுதுவேன்" என்றார். இன்னொருவர் சிரித்த முகக்காரர். "எதைத் தேடணும் மேடம்? அதை மட்டும் பார்த்துடலாம். எதுக்கு வீண் அலைச்சல்?"

அவருடைய பழைய சாட்சியங்களை வரி விடாமல் படித்தேன். ஒரு வழக்கில்கூடக் கேட்டதற்கு மேல் அவர் தேடியதில்லை.

"அந்தம்மா ஏன் வேணாம்?" என்றார் வக்கீலம்மா.

"கோர்ட்ல எரிஞ்சு விழுவாங்க மேடம். ஜட்ஜுக்கு ஒத்துவராது."

"நீ சொன்னா சரி."

சிரித்த முகக்காரர் கூண்டில் ஏறி, கரப்பான் மருந்து கொஞ்சம்தான் இருந்தது, ஆளைக் கொல்லப் போதாது என்றார். அரசு வக்கீல் சாவகாசமாக எழுந்தார்.

"அப்ப வேற எதனால செத்தார்?"

"அதை யாரும் என்கிட்ட கேக்கலைங்க."

கோர்ட்டே சிரித்தது. அக்காவுக்கு ஆயுள்.

அந்த அம்மா பார்த்திருந்தால் என் அப்பாவின் இதய மாத்திரையைக் கண்டுபிடித்திருப்பார். ஒரு அட்டையைப் பொடித்து சீனியரின் டீயில் கலந்தது நான்தான். கரப்பான் மருந்து, போலீஸ் கண்ணில் படுவதற்கு. கட்சிக்காரர்கள் வந்தால் சீனியர் என்னைக் கூப்பிடுவார். "இதோட அப்பன் மூட்டை தூக்கறான். இது இங்கிலீஷ் பேசறதைக் கேளுங்க, தமாஷா இருக்கும்." கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒருநாள் டீ கொடுத்துக்கொண்டே அக்காவும் சிரித்தார்.

இப்போது மேல்முறையீடு. புது நிபுணரை நான்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்களை மாதிரி வீட்டுப் பெண்களுக்கு நாங்களே துணை நிற்காவிட்டால் வேறு யார் நிற்பார்கள்?