பால்பழம் சாப்பிடும் முறை

முதலில் தோலில் வாயை வைத்துவிடாதீர்கள், மதார் காக்கா. தோலில் பால் இருக்கிறது. உதட்டில் பட்டால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஜமாஅத் தலைவரான நீங்கள் மஃரிபு தொழுகை வரை வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். உள்ளே இளகுவது கைக்கே தெரியும். இப்போது கத்தியைக் குறுக்கே போடுங்கள், நெடுக்கே வேண்டாம். பார்த்தீர்களா, நடுவில் நட்சத்திரம். விதையை ஒதுக்கிவிட்டு ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுங்கள். உங்களுக்காகவே ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்தேன்.

நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். நம் ஊர்ப் பையன் காஜா நவாஸ் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருக்கிறான். நேற்று பள்ளிவாசலில் உங்களைப் பிடித்து, என் மகள் யும்னாவின் கல்யாணம் முறிந்ததைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறான். ஊரில் எது காதுக்கு வராமல் போகிறது? எல்லாம் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் மெதுவாக மட்டும் பேசிக்கொள்வோம். யும்னா உள்ளே படுத்திருக்கிறாள். இப்போதெல்லாம் அவள் எழுந்திருக்க நேரமாகிறது.

எப்படி இருக்கிறது பழம்? சொல்ல வரவில்லை, இல்லையா? எனக்கும் முதல் தடவை அப்படித்தான். மலேசியாவில், கிள்ளானில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்த்தேனே, அப்போது பக்கத்துக் கடை மலாய்க்காரர் ஒன்றைக் கையில் கொடுத்தார். இளநீர் வழுக்கையைப் பாலில் ஊறவைத்துச் சீனி தூவின மாதிரி. சாப்பிட்டுவிட்டு நின்றவன் நின்றபடியே நின்றேன். ஊருக்கு வரும்போது விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஏர்போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானாக ஏன் சொல்ல வேண்டும்?

ஊரே சிரித்தது. கீழக்கரைத் தண்ணீரில் தென்னையே முகத்தைச் சுளிக்கும், இதில் மலாய்க்காரன் பழம் வேறா என்று. நான் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் படவிடவில்லை. வண்டியில் வாங்குகிற நல்ல தண்ணீரில் முதல் வாளி மரத்துக்கு, மிச்சம்தான் சமையலுக்கு. யும்னா அப்போது சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரிசி கழுவின தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவாள். “கை வலிக்குது வாப்பா” என்பாள். “வேரு நோகாம ஊத்தும்மா” என்பேன். என் பெண்சாதி நஸீராவுக்கு அதில் கோபம். “இது ஒங்களுக்கு ரெண்டாங்கல்யாணம். நான்தான் கூறில்லாம தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இலையைத் திருப்பிப் பாருங்கள், மேலே பச்சை, அடியில் செம்புப் பாத்திரம் துலக்கின நிறம். காற்றடித்தால் மரமே நிறம் மாறும். மாஷா அல்லாஹ், கண் பட்டுவிடும் என்று நானே அதிக நேரம் பார்க்க மாட்டேன்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருகிறவர். நானும் அப்படி வந்தவன்தான். இது நஸீராவுக்கு அவள் உம்மா கொடுத்த வீடு. இதில் ஒரு செங்கல்கூட என் பெயரில் கிடையாது, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. யும்னாவுக்கு நிக்காஹ் ஆனபோது சந்தோசமாக அவள் பெயருக்கு எழுதிவைத்தோம். நாங்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். கொல்லையில் நிற்கிற மரமும் அதோடு போகிறது என்பது மட்டும் எழுதும்போது எனக்கு ஓடவே இல்லை. இருக்கிற ஒன்றையும் நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை தவ்ஃபீக்கைப் பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். தங்கமான பிள்ளை. ஷார்ஜாவிலிருந்து வரும்போதெல்லாம் யும்னாவுக்கு வாங்குகிறதைவிட எங்களுக்குத்தான் அதிகம் வாங்கிவருவார். ஒரே குறை, அவர் வருவது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு. அதற்குள் பழம் முடிந்துவிடும். ஒரு பழம்கூட அவர் வாயில் பட்டதில்லை.

போன பெருநாளுக்கு வந்தவர், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்தார். மறுநாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மாமா, ஒங்களால படி ஏற முடியல. கொல்லையில ஒங்களுக்கும் மாமிக்கும் ஒரு ரூம் கட்டிருவோம், வெஸ்டர்ன் டாய்லெட்டோட. அந்த மரத்த எடுத்துட்டா எடம் சரியா இருக்கும். வேணாம்னா சொல்லுங்க, வேற பாப்போம்.”

“வெட்டுங்க மாப்பிள்ளை. மரம் என்ன மரம்” என்றேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றுதானே பார்க்கிறீர்கள்? நீங்களும் மூன்று மாப்பிள்ளைகளுக்கு மாமனார். மீன் தலையை மாப்பிள்ளை பக்கம் தள்ளிவிட்டு வாலைத் தின்கிறவர்கள் நாம். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எந்த மாமனார் பேசியிருக்கிறார்? அதுவும் நமக்காகவே ஒன்று செய்கிறேன் என்று வந்து நிற்கிற பிள்ளையிடம். ஒரு மரத்துக்காக என்னை மரியாதை தெரியாதவன் என்று அவர் நினைப்பதா? அது என்னால் ஆகாது.

அவர் சொல்லிவிட்டுப் போன கொத்தனார் சகாயம் வந்து கயிறு பிடித்து அளந்தார். மழை ஓயட்டும், வெட்டிவிட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறேன் என்றார். மரத்தைத் தட்டிப் பார்த்து, நல்ல விறகு என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் யோசித்தேன், நிதானமாகவே யோசித்தேன். மாப்பிள்ளை சொன்ன சொல்லை நான் மறுக்க முடியாது. ஆனால் அவர் மாப்பிள்ளையாக இருந்தால்தானே அது மாப்பிள்ளை சொல்?

மழை விட்ட மறுநாள் கீழே இறங்கி வந்தேன். யும்னா ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு எடுத்து வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றினாள்.

“காஜா நவாஸு ஷார்ஜால ஒன் மாப்பிள்ளைய ஒரு பொம்பளையோட பாத்தானாம்மா” என்றேன். “கைப்பிள்ளையும் இருந்துச்சாம். நான் நம்பல. நீயும் மனசுல வச்சுக்காத.”

கவனியுங்கள், நம்பாதே என்றுதான் சொன்னேன். அல்லாஹ்மேல் ஆணையாக என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நான் பயந்தவன். காஜா நவாஸுக்கும் தவ்ஃபீக்குக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அவன் ஊருக்கு வந்தும் வருசக்கணக்காகிறது. அதனால் அவன் பெயர் வசதியாக இருந்தது. அவனுக்கு இப்படித் திடீரென்று லீவு கிடைக்கும் என்று கண்டேனா?

அன்றைக்குச் சாயங்காலம் போனில் யும்னா மாப்பிள்ளையிடம் அழுதது மாடி வரைக்கும் கேட்டது. “எங்க வாப்பா பொய் சொல்ல மாட்டாங்க” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை தகப்பனை இவ்வளவு மதிக்கிறதே என்று நஸீராவிடம் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரியாது, அவளும் அழுதாள்.

தவ்ஃபீக் அவசர லீவு போட்டு வந்தார். யும்னா கதவைத் திறக்கவில்லை. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அவரை உட்காரவைத்தேன். சர்பத் கலந்து கொடுத்தேன், குடிக்கவில்லை.

“மாமா, நீங்களாவது என்னை நம்புறீங்களா?” என்று கேட்டார்.

“பொம்பளப் பிள்ளை மனசு மாப்பிள்ளை. நான் என்ன சொல்ல?” என்றேன்.

அவர் எழுந்து போனார். நான் கேட் வரைக்கும் போய் வழியனுப்பினேன். மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. அப்புறம் யும்னா பிரிவு கேட்டு வந்து நின்றதும், நீங்களே நடுவில் இருந்து குலா முடித்துவைத்ததும் உங்களுக்கே தெரியும். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்வியெல்லாம் அவளிடம்தான். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சகாயத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மரம் பூத்தது பாருங்கள், இத்தனை வருசத்தில் அப்படிப் பூத்து நான் கண்டதில்லை. கிளை தாங்காமல் முட்டுக் கொடுத்தேன். போன மாதம் தவ்ஃபீக்குக்குப் புதுமடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. நல்ல குடும்பம் என்கிறார்கள், எனக்கும் சந்தோசம்தான். என்ன, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டீர்கள்? பாதிப் பழம் இருக்கிறதே.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். காஜா நவாஸ் எதையும் பார்க்கவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அந்தப் பொம்பளையை நான்தான் மாடிப்படி இறங்கும்போது யோசித்தேன். கைப்பிள்ளை கடைசிப் படியில் வந்தது. முழங்கால் வலியில் மெதுவாக இறங்கியதால் யோசிக்க நேரம் கிடைத்தது. என் மகளின் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்க மாட்டேன், கெடுத்தது என்ற வார்த்தைதான் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. இன்னொரு நிக்காஹ் ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடுகிற காரியம். இதை இன்னொரு தடவை விதை போட்டு வளர்க்க எனக்கு ஆயுசு போதாது.

நீங்கள் ஜமாஅத்தில் என்ன தண்டனை சொன்னாலும் கட்டுப்படுகிறேன். யும்னாவிடம் சொல்லவேண்டும் என்றால் அதையும் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அந்தப் பிள்ளை ஒன்று சொல்லிற்று.

“வாப்பா, அந்த மரத்த வெட்டிருங்க. அவங்க ஒங்களுக்குக் கட்டணும்னு ஆசப்பட்ட ரூம நான் கட்டித் தாரேன்.”

வீடு அவள் பெயரில் இருக்கிறது. என்மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை, எனக்காக ஆசையாகச் சொல்கிறது. அவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வேன்? “செய்யும்மா” என்றுதான் சொன்னேன்.

அதனால் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாருங்கள், காக்கா. உங்களுக்குத் தெரியாத ஆளா? வீட்டோடு வந்து தங்குகிற வழக்கமெல்லாம் இந்தத் தடவை வேண்டாம். கனடா, ஆஸ்திரேலியா என்று எங்கேயாவது குடும்ப விசாவில் கூட்டிக்கொண்டு போகிறவராக இருக்கட்டும், எவ்வளவு தூரம் என்றாலும் பரவாயில்லை, சீக்கிரம் இருந்தால் போதும். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கென்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு அவள் நல்லா இருப்பதைவிட வேறு என்ன வேண்டும்?